பதினேழாவது பாரில் அறுந்த கம்பி

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இன்றைய பியானோவின் முன்னோடியான என் ஃபோர்ட்டெபியானோவில், பீத்தோவனின் அப்பாசியோனாட்டா சொனாட்டாவின் முதல் பக்கத்தை மெதுவாகக் கடந்து, ஃபோர்ட்டிஸ்ஸிமோ (மிக உரத்த) கார்டுகள், அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டுகள், திடீரென்று வெடிக்கும் பதினேழாவது பாரில் (தாளக் கட்டத்தில்) கையை இறக்கினேன். உச்சப் பகுதியில் ஒரு கம்பி அறுந்து, சுருண்டு, ஒலியை அடக்கும் டாம்பர்கள் மேல் விழுந்தது. மூன்று வாரத்தில் அது நான்காவது கம்பி. வாத்தியத்துக்குச் சத்தம் போதவில்லை, அதனால்தான் நான் ஓங்கி அடிக்கிறேன், அதனால்தான் கம்பி போகிறது என்று அப்போது உறுதியாக நம்பினேன். அதன் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்றுதான் வேலையைத் தொடங்கினேன். இரண்டரை மாதம் கழித்துப் பார்த்தால், செய்து முடித்த வேலை முழுக்க அதன் மெல்லிய பக்கத்தைச் சரிசெய்த வேலையாக இருந்தது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் எழுதுகிறேன், இதே மாதிரி வாத்தியம் வைத்திருக்கும் ஒருவருக்காவது உதவும்.

வாத்தியம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வியன்னாவில் ஆன்டன் வால்டரின் பட்டறை 1805 வாக்கில் செய்த மாதிரியைப் பார்த்து, சுமார் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் செய்யப்பட்ட நகல் ஃபோர்ட்டெபியானோ. நான் அதை இரண்டாம் கையாக வாங்கினேன். ஐந்தரை ஆக்டேவ், 68 கீ. உள்ளே இரும்புச் சட்டம் கிடையாது, எல்லாமே மரம். கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகாமல் நேராக ஓடுகின்றன, மேல் பகுதியில் அரை மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன். சுத்தியல்களில் கம்பளி இல்லை, தோல். நவீன பியானோவில் கீ பத்து மில்லிமீட்டர் இறங்கும் என்றால் இதில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். காலில் பெடல் இல்லை. கீபோர்டுக்கு அடியில் முழங்காலால் தூக்கும் இரண்டு லீவர்கள் இருக்கின்றன, ஒன்று டாம்பர்களுக்கு, இன்னொன்று ஒலியை மென்மையாக்கும் மாடரேட்டருக்கு.

அப்பாசியோனாட்டா, அதாவது ஓபஸ் 57, பெரும்பாலும் 1804, 1805-ல் உருவாகி 1807-ல் வியன்னாவில் அச்சானது. அந்தப் பெயரை பீத்தோவன் வைக்கவில்லை. அவர் இறந்த பிறகு, 1838-ல், நான்கு கைகளுக்கான பதிப்பு ஒன்றில் ஹாம்பர்க் பதிப்பாளர் வைத்தது. இந்த ஒரு முறை பதிப்பாளரின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இந்தச் சொனாட்டாவை இந்த வாத்தியத்தில் வாசிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்ததற்குக் காரணம், அது கீபோர்டின் இரண்டு ஓரங்களையும் தொடுகிறது. இடது ஓரத்துக் கடைசி கீ எஃப். சொனாட்டாவின் சுருதியும் எஃப் மைனர். வலது ஓரத்துக் கடைசி கீ சி, அதையும் அவர் விடவில்லை. 88 கீ உள்ள பியானோவில் அந்த எஃப்-க்குக் கீழே இன்னும் எட்டு கீ சும்மா கிடக்கும், அந்த சி-க்கு மேலே பன்னிரண்டு கிடக்கும், கைக்கு எந்த ஓரமும் தெரியாது. இங்கே கீழ் எஃப்-ஐ அழுத்தும்போது சுண்டு விரலுக்கு இடது பக்கம் மரப்பலகைதான் இருக்கிறது. இதற்கு மேல் இறங்க இடமில்லை என்று உடம்புக்கே தெரிகிறது.

ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதை எழுதிய காலத்தில் பீத்தோவன் வீட்டில் இருந்தது பாரிஸிலிருந்து 1803-ல் வந்த எரார் பியானோ. வேறு மாதிரி மெக்கானிசம், நான்கு பெடல். இன்று அது லின்ஸ் நகரில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனால் வியன்னா வாத்தியம்தான் ஒரே சரியான வாத்தியம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் இந்தச் சொனாட்டாவை வாங்கி வாசித்த வியன்னாக்காரர்களில் பலர் வீட்டில் வைத்திருந்தது என்னுடையதைப் போன்ற வாத்தியம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் சந்தேகம் சுருதி மேல். அளந்து பார்த்தால் நடு ஏ 438 ஹெர்ட்ஸில் இருந்தது, முன்னால் வைத்திருந்தவர் மற்ற வாத்தியங்களோடு சேர்த்து வாசிக்க ஏற்றியிருக்க வேண்டும். இந்த நகல் 430-க்குச் செய்யப்பட்டது. எட்டு ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும், ஆனால் கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது கிட்டத்தட்ட நான்கு சதவீதம் கூடுதல் இழுவை. பழைய பாணி இரும்புக் கம்பி ஏற்கெனவே அறுபடும் எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, அதில்தான் அதன் இனிமையே இருக்கிறது. இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக 430-க்கு இறக்கினேன். டிசம்பர் முதல் வாரத்தில் அதே பதினேழாவது பாரில் ஐந்தாவது கம்பி போனது.

அப்போதுதான் உள்ளே பார்க்க முடிவு செய்தேன். முன்பலகையைக் கழற்றி, கீபோர்டை இழுப்பறை மாதிரி வெளியே இழுக்க வேண்டும். இதைச் செய்யும்போது விரல் எந்தக் கீயிலும் படக்கூடாது. பட்டால் சுத்தியல் எழுந்து மேலே இருக்கும் கட்டையில் மாட்டி, காம்பு முறிந்துவிடும். நான் ஒரு நீளமான பலகையால் தள்ளிக்கொண்டே இழுத்தேன்.

வியன்னா மெக்கானிசம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். நவீன கிராண்டில் சுத்தியல் தனியாக ஒரு சட்டத்தில் தொங்கும், கீ கீழேயிருந்து அதைத் தள்ளும். இங்கே சுத்தியல் கீயின் பின்முனையிலேயே, ஒரு சின்னக் கவையில், ஊஞ்சல் பலகை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, தலை வாசிப்பவரைப் பார்த்தபடி. அதன் வால் பக்கம் பறவையின் அலகு போல நீண்டிருக்கும். அதற்குப் பின்னால் ஒவ்வொரு கீக்கும் நிமிர்ந்து நிற்கும் ஒரு எஸ்கேப்மென்ட் கட்டை, அதில் ஒரு வெட்டு. கீயின் முன்முனையை அழுத்தினால் பின்முனை கவையோடு சேர்ந்து மேலே எழும், அலகு அந்த வெட்டில் மாட்டிக்கொள்ளும், மாட்டிக்கொண்டதால் தலை மேலே வீசப்படும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அலகு வெட்டிலிருந்து நழுவிவிடும், மீதித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடக்கும். அவ்வளவுதான் மொத்தமும். விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கும் பாகங்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். ஆக்ஸ்பர்கில் ஸ்டைன் செய்த பியானோக்களை மோட்சார்ட் 1777-ல் வாசித்துவிட்டு அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த எஸ்கேப்மென்டைத்தான் வாயாரப் புகழ்கிறார்.

என்னுடையதில் மூன்று குறை தெரிந்தது. சுத்தியல் தோல் இறுகி, கம்பி பட்ட இடத்தில் பள்ளம் விழுந்து, நகத்தால் தட்டினால் மரம் மாதிரி ஒலித்தது. அடித்துவிட்டுத் திரும்பும் சுத்தியலைப் பிடித்து நிறுத்த வேண்டிய செக்கின் தோல் வழவழத்துப் போயிருந்தது, ஓங்கி வாசித்தால் சுத்தியல் துள்ளி இரண்டாம் முறை கம்பியைத் தொட்டது. மூன்றாவதை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்கேப்மென்ட் மிக முன்னதாகவே நழுவிக்கொண்டிருந்தது. நல்ல நிலையில் ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது நழுவ வேண்டிய சுத்தியல், பல கீகளில் நான்கு, சிலவற்றில் ஐந்து மில்லிமீட்டர் தூரத்திலேயே விடுபட்டது.

யாரோ வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மிக நெருக்கமாக வைத்தால் ஈரப்பதம் மாறும்போது சுத்தியல் நழுவாமல் கம்பியோடு ஒட்டி நின்றுவிடும், அந்த சுரம் ஊமையாகிவிடும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று தூரமாக வைத்தால் வாத்தியம் பிரச்சினை தராது, அதோடு மெல்ல வாசிக்கவும் விடாது.

தோலில் தொடங்கினேன். பழைய முறையில் பதப்படுத்திய மான் தோல் ஒன்று, மெல்லிய ஆட்டுத் தோல் ஒன்று. ஏற்கெனவே பல அடுக்கு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் உரிக்காமல், வெளி அடுக்கை மட்டும் மாற்றினேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த தூரிகையைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று முறை தடவி, ஐந்து நிமிடம் விட்டு, மழுங்கிய கத்தியால் நெம்பினால் பழைய வஜ்ரப் பசை தானே விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டால் உள் அடுக்கும் கூடவே வந்துவிடும்.

ஒட்டுவதில்தான் முதல் பத்து சுத்தியல்களைக் கெடுத்தேன். வஜ்ரத்தை ஊறவைத்து அறுபது டிகிரியில் உருக்கி, தோலின் உட்புறம் முழுக்கத் தடவி ஒட்டினேன், பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. காய்ந்த பிறகு வாசித்தால் ஒவ்வொன்றும் டக், டக் என்று மேசையைத் தட்டுவது போல. வஜ்ரம் தோலுக்குள் ஊறி, கம்பியில் படும் முனையே கெட்டியாகிவிட்டது. தலையின் இரண்டு கன்னங்களில் மட்டும் பசை வர வேண்டும், உச்சியில் ஒரு துளிகூடப் படக்கூடாது, அங்கே தோல் வெறும் இழுப்பிலேயே உட்கார வேண்டும். பத்தையும் மறுபடி உரித்து, ஒரு கன்னத்தில் ஒட்டி, அது பிடிக்கும்வரை காத்திருந்து, தோலை உச்சி வழியாக இழுத்து மறு கன்னத்தில் ஒட்டினேன். எவ்வளவு இழுப்பது என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். அதிகம் இழுத்தால் ஒலி கூர்மையாகி எரியும், குறைவாக இழுத்தால் மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். கீழ்ப் பகுதிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மான் தோல், மேலே போகப்போகக் குறைத்து, கடைசி ஒன்றரை ஆக்டேவுக்கு ஆட்டுத் தோல். ஒரு நாளைக்கு ஆறு சுத்தியலுக்கு மேல் செய்யவில்லை. ஏழாவது எப்போதும் கோணலாகப் போனது.

இந்த வேலை நடந்த நாட்களில் ஒரு மதியம் வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையின் நொய்யே புர்க் பகுதிக்குப் போனேன், அங்குள்ள பழைய இசைக்கருவிகள் தொகுப்பில் வால்டரின் அசல் வாத்தியங்கள் இருக்கின்றன. தொட முடியாதுதான். ஆனால் அந்தச் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை, மொத்தப் பெட்டியும் எவ்வளவு லேசானது என்று பக்கத்தில் நின்று பார்த்தபோது, என் கைகள் மூன்று வாரமாக அதனிடம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தன என்று உறைத்தது.

தோல் மாறினால் சுத்தியலின் உயரம் மாறும், அதனால் எஸ்கேப்மென்ட் வேலை தோலுக்குப் பிறகுதான் வர வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். என் வாத்தியத்தில் திருகு எதுவும் இல்லை. எஸ்கேப்மென்ட் கட்டை எவ்வளவு முன்னால் சாய்ந்து நிற்கிறது என்பதை ஒரு தோல் பட்டைதான் தீர்மானிக்கிறது, அதன் பின்னால் காகிதம் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்ய வேண்டும். ஒரு காகிதத் துண்டு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சேர்த்து, கீபோர்டை உள்ளே தள்ளி, கீயை மிக மிக மெதுவாக அழுத்தி, சுத்தியல் எங்கே விழுகிறது என்று கைவிளக்கில் பார்த்து, மறுபடி வெளியே இழுத்து. 68 கீக்கு இது ஒன்பது மாலைகள் பிடித்தது. அலகு உரசும் வெட்டுகளில் மென்மையான பென்சிலால் கிராஃபைட் தேய்த்தேன், நழுவும்போது விரலுக்குத் தெரிந்த சின்ன முரட்டுத்தனம் போய்விட்டது.

நடுவில் ஒரு வாரம் கடுங்குளிர். அறையில் ஹீட்டர் ஓடி ஈரப்பதம் 32 சதவீதத்துக்கு இறங்க, பொருத்திவைத்த கணக்கெல்லாம் நகர்ந்துவிட்டது. ஈரப்பதமூட்டி வாங்கி 50-க்குப் பக்கத்தில் பிடித்து வைத்த பிறகுதான் அடுத்த காகிதத்தைத் தொட்டேன். (இந்தச் சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதியே மழையில் நனைந்ததுதான். 1806-ல் ஊர் திரும்பும் வழியில் பீத்தோவன் புயலில் மாட்டிக்கொள்ள, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து கறை படிந்தது. அந்தக் கறையோடு அது இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.)

செக்கின் தோலைக் கம்பி பிரஷால் சொரசொரப்பாக்கி, ஒரு மயிரளவு உள்ளே நகர்த்தினேன், துள்ளல் நின்றது. மாடரேட்டர் என்பது சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவில் நழுவி வரும் கம்பளித் துணி. அதில் பூச்சி அரித்த இடங்கள் இருந்ததால் புதிதாக வெட்டிப் போட்டேன். அரை நாள் வேலை.

பிறகு ஜனவரி நடுவில் வாசிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் கம்பி ஏன் அறுந்தது என்று புரிந்தது.

இந்தச் சொனாட்டா பியானிஸ்ஸிமோவில், அதாவது மிக மெல்லிய ஒலியில், தொடங்குகிறது. இரண்டு கையும் இரண்டு ஆக்டேவ் தள்ளி, ஒரே எஃப் மைனர் கோலத்தை மேலிருந்து கீழிறங்கி மறுபடி ஏறி வரையும். முன்பு நான் அதை மெதுவாக வாசிக்க முயன்றபோதெல்லாம் நாலைந்து சுரங்கள் ஒலிக்கவே இல்லை, சுத்தியல் ஐந்து மில்லிமீட்டர் தூரத்தில் விடப்பட்டு, கம்பி வரை போய்ச் சேரும் வேகம் இல்லாமல் திரும்பி விழுந்தது. சுரம் வராத பயத்தில் என் கை தானாகவே கூடுதல் அழுத்தம் கொடுக்கப் பழகியிருந்தது. அதாவது என்னுடைய பியானிஸ்ஸிமோ உண்மையில் நடுத்தர சத்தம். அங்கிருந்து தொடங்கினால் பதினேழாவது பாரின் வெடிப்பு வெடிப்பாகக் கேட்க அதற்கு மேல் இன்னும் இரண்டு மடங்கு ஏற வேண்டும், அந்த இரண்டு மடங்கு இந்தக் கம்பிகளிடம் கிடையாது. இப்போது சுத்தியலை விரல் கிட்டத்தட்ட கம்பி வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. மூச்சு விடுவது போல அழுத்தினாலும் சுரம் வருகிறது. அந்த அமைதியிலிருந்து எழும்போது முன்பு கொடுத்ததில் முக்கால் பங்கு பலத்திலேயே கார்டுகள் அறையை அதிரவைத்தன. ஆறாவது கம்பி அறுபடவில்லை.

அறுந்த ஐந்துக்கும் புதுக் கம்பி போட்டேன். நவீன எஃகுக் கம்பி வலுவானது, அறுபடாது என்று போடச் சொன்னவர்கள் உண்டு. நான் போடவில்லை. எஃகு விறைப்பு அதிகம், அந்த ஒரு சுரம் மட்டும் பக்கத்துச் சுரங்களோடு சேராமல் கண்ணாடி மாதிரி தனித்து நிற்கும். மென்மையான இரும்புக் கம்பியில் முனை வளையத்தைக் கையால் முறுக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டாம் முறை மடக்கினால் அங்கேயே ஒடியும். கம்பி அறுவதும் இந்த இசையின் வரலாற்றில் ஒரு பகுதிதான். இசையமைப்பாளர் அன்டோன் ரெய்ஷா பீத்தோவனுக்குப் பக்கம் திருப்ப உட்கார்ந்து, மோட்சார்ட் கன்செர்ட்டோ முடியும்வரை அறுந்த கம்பிகளைப் பிடுங்குவதிலும் சிக்கிய சுத்தியல்களை விடுவிப்பதிலுமே நேரம் போனதாக நினைவுகூர்ந்திருக்கிறார். மறுபக்கம், ஸ்டைனின் மகள் நனெட் நடத்திய பட்டறையின் சார்பில் அவர் கணவர் ஆந்திரெயாஸ் ஸ்ட்ரைஷர் 1801-ல் ஒரு சிறு கையேடு வெளியிட்டு, கீபோர்டை முரட்டுத்தனமாகத் தாக்குபவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். அவர்கள் இருவருமே பீத்தோவனின் நெருங்கிய நண்பர்கள் என்பதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கையேட்டை நான் வாசிக்கிறேன்.

ட்யூனிங்கில் ஒரு தவறான பாதை. வல்லோட்டி என்ற பழைய சுருதி முறையில் வைத்துப் பார்த்தேன். முதல் பகுதியின் எஃப் மைனருக்கு அது அருமையான ஒரு கசப்பைக் கொடுத்தது, பிரியவே மனமில்லை. ஆனால் இரண்டாம் பகுதி டி ஃபிளாட் மேஜர். அந்த முறையில் டி ஃபிளாட்டிலிருந்து எஃப் வரையான இடைவெளி 408 சென்ட்டுக்குப் போய்விடும் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு), சுத்தமான மூன்றாம் இடைவெளி 386, இன்றைய சம சுருதியில் 400. பிரார்த்தனை மாதிரி அசையாமல் நிற்க வேண்டிய கார்டுகள் நடுங்கின. அதனால் சம சுருதிக்கு மிக அருகில், அந்தப் பக்கத்து மூன்றாம் இடைவெளிகளை மட்டும் இன்னும் ஒரு நூல் தளர்த்தி வைத்திருக்கிறேன். அந்தக் கருப்பொருளின் இரண்டு பாதிகளும் திரும்ப வாசிக்கச் சொல்லப்பட்டவை, திரும்ப வரும்போது மாடரேட்டரைப் போடுகிறேன். பீத்தோவன் அப்படி எழுதவில்லை, என் விருப்பம்தான். ஒருவர் அதே வார்த்தையைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மறுபடி சொல்வது போல இருக்கிறது.

முழங்கால் லீவர்தான் உடம்புக்குக் கஷ்டம். முதல் பகுதியின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், டி ஃபிளாட் டி ஃபிளாட் டி ஃபிளாட் சி என்று அந்த நான்கு தட்டல்கள் மட்டும் மிஞ்சி அடங்கும் இடத்தில் டாம்பர்களைத் தூக்கியே வைத்திருக்கச் சொல்கிறார். நவீன பியானோவில் அப்படிச் செய்தால் எல்லாம் குழம்பிப்போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெடலை மாற்றச் சொன்னார்கள், அங்கே அது நியாயமும்கூட. இங்கே ஒலி சீக்கிரம் அடங்குவதால் பழைய கார்டு புகை மாதிரி பின்னால் நிற்கிறது, அதன் முன்னால் ஒவ்வொரு தட்டலும் தெளிவாகக் கேட்கிறது. தொடை நடுங்கினாலும் முழங்காலை இறக்குவதில்லை. அடுத்த நொடி பியு அல்லெக்ரோ (இன்னும் வேகமான பகுதி) தொடங்கும்போது லீவர் தானே விழுகிறது, உடம்பு முழுக்க விடுபடுகிறது. அந்த விடுதலை இசைக்குள்ளும் கேட்கிறது என்று நம்புகிறேன்.

மூன்றாம் பகுதியின் வாசலில் ஒரே கார்டு பதின்மூன்று முறை ஃபோர்ட்டிஸ்ஸிமோவில் வரும். எனக்கு இன்னும் பயம் உள்ள இடம் இதுதான். தோள்பட்டையிலிருந்து வாசித்தால் நான்காவதிலேயே ஒலி தட்டையாகிவிடுகிறது, சுத்தியல் திரும்பி உட்காரும் முன் அடுத்த அடி வந்துவிடுகிறது. மணிக்கட்டைத் தளர்த்தி, கீயை முழுக்க மேலே வரவிட்டு, விரல் நுனியால் பிடுங்குவது போல எடுத்தால் பதின்மூன்றும் தனித்தனியாகக் கதவைத் தட்டுகின்றன. நேற்று இரவு பத்து தடவை முயன்று ஆறு தடவை சரியாக வந்தது. மேல் சி-யின் சுத்தியல் மட்டும் இன்னும் கொஞ்சம் எரிகிறது, தோலை அதிகம் இழுத்துவிட்டேன். சனிக்கிழமை அதை ஒன்றை மட்டும் உரித்து மறுபடி ஒட்ட வேண்டும்.